கூரையில் கட்டிய பலூன்கள்

கல்யாணத்துக்கு முன் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். பந்தயத்துக்கு முன் ஆட்டக்காரர்களின் பொருத்தம் பார்ப்பது அமெரிக்கர்களின் வழக்கம். அந்நாட்டில் சம்பளம் பெற்றுக் கூடைப்பந்து ஆடுவோரின் பெரிய லீக்கில், ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் இரண்டு கோஷ்டிகள் மிஞ்சி நிற்கும். அவ்விரண்டும் ஏழு ஆட்டங்கள் வரை ஆடும். நான்கு ஆட்டங்களை முதலில் ஜயிக்கும் கோஷ்டிக்கே பட்டம். அந்தத் தொடர் ஆரம்பமாவதற்கு முன் பத்திரிகைகளெல்லாம் ஜோஸியக் கடைகளாக மாறிவிடும். இவருக்கு எதிரே அவர், அவருக்கு எதிரே இவர் என்று ஜோடி ஜோடியாக நிறுத்தி, உயரம், வயது, அனுபவம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பலன் சொல்வார்கள்.

இந்த ஜோஸியம் எவ்வளவு தூரம் பலிக்கும்? இதை அறிய விரும்பும் நேயர்களுக்கு 1969-ம் வருஷத்துத் தொடரைப் போல் சிறந்த பாடம் வேறொன்றில்லை என்பது நமது அபிப்பிராயம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து லேக்கர்ஸ் கோஷ்டியும், பாஸ்டன் நகரத்து ஸெல்டிக்ஸ் கோஷ்டியும் மோதிய தொடர் அது. முடிவை உடனே சொல்லிவிடாமல், முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள் இரவில் நின்று, அன்றைய ஜோஸியர்கள் பார்த்த பொருத்தங்களை நாமும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆட்டத்தின் விதி

விளையாட்டை அதிகம் அறியாத நேயர்களுக்கு நாலு வார்த்தை. கோஷ்டிக்கு ஐந்து பேர் களத்தில் நிற்பார்கள். பத்து அடி உயரத்தில் இரு புறமும் இரும்பு வளையம். 48 நிமிஷ ஆட்டம் நான்கு பாகங்களாக நடக்கும். பந்து கைக்கு வந்தபின் 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். விழுந்தால் இரண்டு பாயிண்டு. இக்காலத்தில் தூரத்திலிருந்து போட்டால் மூன்று பாயிண்டு உண்டு. அந்த விதி இந்த லீக்கில் 1979-ல் தான் வந்தது. ஆறு முறை தவறாக இடித்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றவை போகப் போக விளங்கும்.

கோஷ்டிகளின் ஜாதகம்

அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் 82 ஆட்டங்களில் 55 ஜயித்து, மேற்குப் பிரிவில் முதல் ஸ்தானம் பெற்றது. ஸெல்டிக்ஸ் 48 ஜயித்து, கிழக்குப் பிரிவில் நாலாவது ஸ்தானத்துடன் தொங்கிக்கொண்டு உள்ளே வந்தது. அதனால் முதல் இரண்டு ஆட்டங்களும், அவசியமானால் ஏழாவது ஆட்டமும் லாஸ் ஏஞ்சலிஸில்தான் நடக்க வேண்டும். சொந்த ஊர் ஜனங்களின் ஆரவாரம் பாதி பலம் என்பது விளையாட்டு உலகம் அறிந்த விஷயம். அதுவரை இந்த லீக்கின் இறுதித் தொடர்களில் ஏழாவது ஆட்டத்தைச் சொந்த ஊரில் தோற்ற கோஷ்டி ஒன்றுகூடக் கிடையாது.

ஆனால் ஜாதகத்தில் வேறொரு கட்டமும் இருந்தது. 1959, 1962, 1963, 1965, 1966, 1968 ஆகிய ஆறு வருஷங்களில் இதே லேக்கர்ஸ் இதே ஸெல்டிக்ஸை இறுதித் தொடரில் சந்தித்தது. ஆறு முறையும் தோற்றது. தோற்ற விதந்தான் கொடுமை. 1962-ல் ஏழாவது ஆட்டத்தின் கடைசி விநாடியில் லேக்கர்ஸ் வீரர் ஸெல்வி எறிந்த பந்து வளையத்தில் விழுந்திருந்தால் பட்டம் அவர்களுடையது. விழவில்லை. 1966-ல் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது இரண்டே பாயிண்டில். ஒரு முறை தோற்றவன் கோபங்கொள்வான். ஆறு முறை தோற்றவன் தன் நிழலைக் கண்டும் சந்தேகப்படுவான்.

முதற் பொருத்தம்: மலையும் மதிலும்

இந்தச் சந்தேகத்தைப் போக்கவே லேக்கர்ஸ் முதலாளி ஜாக் கென்ட் குக் 1968-ல் பிலடெல்பியாவிலிருந்து வில்ட் சேம்பர்லினை வரவழைத்தார். உயரம் 7 அடி 1 அங்குலம். 1962 மார்ச் 2-ந் தேதி நியூயார்க் கோஷ்டிக்கு எதிராகத் தனி ஒருவராக 100 பாயிண்டு போட்டவர். அந்தச் சாதனையை இன்று வரை இந்த லீக்கில் யாரும் எட்டவில்லை. ஏழு வருஷங்கள் தொடர்ந்து லீக்கிலேயே அதிக பாயிண்டு எடுத்தவரும் அவர்தான்.

அவருக்கு எதிரே பில் ரஸல். உயரம் 6 அடி 10 அங்குலம், வயது 35. பாயிண்டு போடுவதில் சேம்பர்லினுடன் அவரை ஒப்பிடவே முடியாது. ரஸலின் வித்தை வேறு. எதிரி எறியும் பந்தை அந்தரத்தில் தடுப்பார். தடுத்த பந்தை ஜனங்கள் கைதட்டும்படி வெளியே அறைந்து தள்ளமாட்டார். தம் தோழர் ஒருவருடைய கைக்குப் போகும்படி மெல்லத் தட்டிவிடுவார். எதிரியின் எறிதல் அந்த க்ஷணமே இவர்களுடைய பாய்ச்சலாக மாறிவிடும். 1957 முதல் 1968 வரை ஸெல்டிக்ஸ் பெற்ற பத்துப் பட்டங்களிலும் இந்த வித்தைக்குப் பங்கு உண்டு.

இருவரும் நெடுங்கால நண்பர்கள். நன்றியறிதல் பண்டிகையன்று ரஸல் பிலடெல்பியாவில் சேம்பர்லினுடைய வீட்டுக்குச் சென்று விருந்துண்ட நாட்கள் உண்டு. ஆனால் நட்புக்குள்ளும் ஒரு போட்டி. 1965-ல் சேம்பர்லினுக்கு வருஷச் சம்பளம் லக்ஷம் டாலர் என்று தெரிந்ததும், ரஸல் தமக்கு லக்ஷத்து ஒரு டாலர் வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். அந்த ஒற்றை டாலரின் அர்த்தம் நேயர்களுக்குத் தெரியாததல்ல.

அன்றைய ஜோஸியர்கள் இந்தப் பொருத்தத்தில் சேம்பர்லின் பக்கமே சாய்ந்தார்கள். அவர் வயதில் இளையவர், உடலில் பெரியவர். 1967-ல் பிலடெல்பியா கோஷ்டியுடன் இதே ரஸலை வென்று பட்டமும் பெற்றவர்.

இரண்டாம் பொருத்தம்: வெஸ்டைத் தடுப்பவர் யார்?

லேக்கர்ஸின் உயிர்நாடி ஜெர்ரி வெஸ்ட். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பந்து யார் கையில் இருக்க வேண்டுமென்று கேட்டால், அந்த நாளில் எதிரிகள்கூட அவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஸெல்டிக்ஸிடம் ஐந்து முறை இறுதித் தொடரில் தோற்ற வேதனையும் அவருடையதே. அவரைக் காவல் செய்யப் பாஸ்டனில் இருந்தவர்கள் எம்மெட் பிரையன்ட், லாரி ஸீக்பிரீட், இத்தொடருடன் ஓய்வு பெறுவதாக முடிவு செய்திருந்த 35 வயது ஸாம் ஜோன்ஸ் ஆகியோர். ஒருவரும் வெஸ்டுக்குத் தனியே ஈடில்லை. லேக்கர்ஸுக்கு இதிலும் வெற்றி.

மூன்றாம் பொருத்தம்: பேலரும் ஹாவ்லிசெக்கும்

எல்ஜின் பேலர் ஒரு காலத்தில் ஆகாயத்தில் நடப்பவர் போல் ஆடியவர். 1962-ல் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்கு எதிராக 61 பாயிண்டு போட்டார். 1965-ல் முழங்கால் கெட்டது. அதன் பின்னும் நன்றாகவே ஆடினார். ஆனால் பழைய பேலர் இல்லை. மறுபுறம் பாஸ்டனின் ஜான் ஹாவ்லிசெக் 29 வயது வாலிபர். முன்வரிசை, பின்வரிசை இரண்டிலும் ஆடுவார். 48 நிமிஷமும் ஓடுவார். எதிரி மூச்சு வாங்குகையில் இவருக்கு அப்போதுதான் ஆட்டம் ஆரம்பித்தது போலிருக்கும். ஸெல்டிக்ஸுக்குச் சாதகமாக ஜோஸியர்கள் கண்ட பொருத்தம் இது ஒன்றுதான்.

சேம்பர்லின் வந்ததால் பேலருக்கு ஒரு சங்கடமும் நேர்ந்திருந்தது. வளையத்தை நோக்கி உட்புகுந்து செல்வது பேலருடைய வழி. அந்த வழியிலேயே சேம்பர்லின் நின்றுகொண்டிருந்தார். மூன்று பெரிய வித்வான்களை ஒரே மேடையில் உட்கார்த்தினால் சங்கீதம் மும்மடங்காகிவிடுமா? சில சமயம் ஆகும். சில சமயம் ஒருவர் எடுப்பதற்குள் மற்றவர் முடித்துவிடுவார்.

நான்காம் பொருத்தம்: யஜமானர்கள்

லேக்கர்ஸின் பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ப் என்பவர். கண்டிப்பானவர், சேம்பர்லினுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஸெல்டிக்ஸின் பயிற்சியாளரோ ரஸலேதான். ஆடுபவரும் அவர், ஆட்டுவிப்பவரும் அவர்.

இங்கே சற்று நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரஸல் கறுப்பர். 1966-ல் அவர் அப்பதவியை ஏற்றபோது, அந்த லீக்கில் தலைமைப் பயிற்சியாளரான முதற் கறுப்பர் அவர்தான். அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன், 1961-ல், கெண்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகரில் ஸெல்டிக்ஸ் கோஷ்டி ஒரு காட்சி ஆட்டத்துக்காகத் தங்கியிருந்தது. அங்குள்ள ஹோட்டலின் காப்பிக் கடையில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு போட மறுத்துவிட்டார்கள். தம்மைப் பார்க்க ஜனங்கள் பணம் கொடுப்பார்கள், ஆனால் தமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணமாட்டார்கள் என்றால் அங்கே ஆடுவானேன்? ரஸலும் தோழர்களும் ஆடாமலே ஊர் திரும்பினார்கள். 1963 ஆகஸ்டு மாதம் வாஷிங்டன் நகரில் கறுப்பர் உரிமைக்காக நடந்த மாபெரும் ஊர்வலத்துக்கும் ரஸல் சென்றிருந்தார். தம் நாட்டிலேயே அந்நியராக நடத்தப்படுவது இன்னதென்று அறிந்தவர் அவர். பத்திரிகைகளின் ஜோஸியம் அவரைப் பயமுறுத்தியிருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆக, காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பட்டம் லேக்கர்ஸுக்கே. பொருத்தம் பார்த்தவர்கள் மூடர்கள் அல்ல. அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் நியாயமானது. அப்படியானால் பிசகு எங்கே நேர்ந்தது?

ஆறு ஆட்டங்கள்

முதல் ஆட்டத்தில் வெஸ்டை இரட்டைக் காவல் போட்டுத் தடுக்க வேண்டாமென்று ரஸல் தீர்மானித்தார். பலன்: வெஸ்ட் 53 பாயிண்டு போட்டார், லேக்கர்ஸ் 120-118 என்று ஜயித்தது. இரண்டாவதில் வெஸ்ட் 41, லேக்கர்ஸ் 118-112. ஜோஸியர்கள் மீசையை முறுக்கினார்கள்.

மூன்றாவது ஆட்டம் பாஸ்டனில். ரஸல் தம் தீர்மானத்தை மாற்றிக்கொண்டார். இனி வெஸ்ட் கையில் பந்து வந்தால் இருவர் சூழ வேண்டும். ஒருவருக்கு ஒருவர் ஈடாகாவிட்டால் இருவர் ஈடாகலாம் அல்லவா? ஒருவர் மிகுதியாகக் காவலுக்குப் போனால் வேறோர் எதிரிக்குக் காவல் குறையும். அந்தக் குறையை மற்றவர்கள் ஓடி ஓடி நிரப்ப வேண்டும். அதுதான் ஸெல்டிக்ஸுக்குக் கைவந்த கலை. ஆட்டம் 111-105 என்று பாஸ்டனுக்கு வந்தது.

நான்காவது ஆட்டந்தான் தொடரின் கழுத்து. கடைசிச் சில விநாடிகள், லேக்கர்ஸ் 88-87 என்று முன்னணியில், பந்தும் அவர்களிடமே. பிரையன்ட் அதைத் தட்டிப் பறித்தார். ஸெல்டிக்ஸ் இளைப்பாறும் நேரம் கேட்டு, ஒரு யுக்தி வகுத்தது. மூவர் திரைபோல நிற்க, ஸாம் ஜோன்ஸ் அவர்களுக்குப் பின்னால் வந்து பந்தை வாங்கினார். கால் வழுக்கிற்று, தடுமாறியபடியே எறிந்தார். பந்து வளையத்தில் பட்டுத் தயங்கி உள்ளே விழுந்தது. 89-88. இல்லாவிட்டால் லேக்கர்ஸ் மூன்றுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்திருக்கும்.

ஐந்தாவதில் லேக்கர்ஸ் 117-104 என்று ஜயித்தாலும் வெஸ்டின் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஆறாவதில் பாஸ்டன் 99-90. இப்படி ஆறு ஆட்டங்களிலும் சொந்த ஊர்க்காரர்களே ஜயித்து, மூன்றுக்கு மூன்று என்ற நிலையில் தொடர் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பியது.

ஏழாவது ஆட்டம்

1969 மே மாதம் 5-ந் தேதி. போரம் என்ற ஆட்டக் கட்டடத்தின் கூரையில் குக் துரை ஆயிரக்கணக்கான பலூன்களை வலையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆசனந்தோறும் ஒரு துண்டுப் பிரசுரம். லேக்கர்ஸ் பட்டம் பெற்றதும் பலூன்கள் விழும், பாண்டு வாத்தியம் முழங்கும், வெஸ்ட், பேலர், சேம்பர்லின் மூவரையும் பேட்டி காண்பார்கள் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. ‘பெற்றால்’ என்ற பேச்சே இல்லை, ‘பெறும்போது’ என்பதுதான். பிரதியொன்று ரஸல் கைக்கு எட்டியது. அவர் அதைத் தம் தோழர்களுக்குப் படித்துக் காட்டினார். அதைக் காட்டிலும் சிறந்த பிரசங்கம் எந்தப் பயிற்சியாளரும் செய்திருக்க முடியாது. வெஸ்டோ அந்தப் பலூன்களைக் கண்டு உள்ளூரக் கொதித்தார். ஸெல்டிக்ஸிடம் ஐந்து முறை தோற்றவருக்கு அவர்களைச் சீண்டுவதன் விலை தெரியும்.

மூன்றாம் பாகம் முடிகையில் பாஸ்டன் 15 பாயிண்டு முன்னால் இருந்தது. நான்காம் பாகத்தில் லேக்கர்ஸ் நெருங்கத் தொடங்கியது. அப்போது ஐந்து நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகவே பாக்கியிருந்தது. சேம்பர்லினுக்கு முழங்காலில் அடிபட்டது. அவர் வெளியே போனார். மெல் கௌண்ட்ஸ் உள்ளே வந்தார். லேக்கர்ஸ் இன்னும் நெருங்கியது. ஒரே ஒரு பாயிண்டு வித்தியாசம்! சேம்பர்லின் மீண்டும் ஆடத் தயாரென்று சொல்லியனுப்பினார். வான் பிரெடா கோல்ப் மறுத்துவிட்டார். லீக்கிலேயே மிக உயர்ந்த சம்பளக்காரர்களில் ஒருவர், எந்தக் காரியத்துக்காக வரவழைக்கப்பட்டாரோ அந்தக் காரியம் முடிவாகும் நேரத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்.

களத்தில் ஹாவ்லிசெக்கின் கையிலிருந்த பந்து தட்டுப்பட்டு நழுவி, அருகில் நின்ற டான் நெல்ஸனிடம் சென்றது. அவர் உடனே எறிந்தார். வளையத்தின் பின்விளிம்பில் மோதி நேரே மேலெழும்பிய பந்து, நேரே கீழிறங்கி வளையத்துக்குள் விழுந்தது. இந்த நெல்ஸன் யார்? 1965-ல் லேக்கர்ஸ் கோஷ்டியே வேண்டாமென்று விலக்கிவிட்டவர்! ஸெல்டிக்ஸ் அவரை அழைத்து வைத்துக்கொண்டது. எந்த ஜோஸியருடைய பொருத்தப் பட்டியலிலும் முதல் வரியில் அவர் பெயர் இருந்திருக்காது.

பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் கூரையிலேயே இருந்தன.

ஜயித்தவரும் தோற்றவரும்

தொடையில் கட்டுடன் ஆடிய வெஸ்ட் அன்று 42 பாயிண்டு போட்டார். மோதித் திரும்பிய பந்துகளில் 13-ஐப் பிடித்தார். 12 முறை தோழர்கள் பாயிண்டு போட வழி செய்தார். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு அந்த வருஷந்தான் ஏற்பட்டது. முதற் பரிசு வெஸ்டுக்கே கிடைத்தது. தோற்ற கோஷ்டியிலிருந்து அந்தப் பரிசு பெற்றவர் இன்று வரை அவர் ஒருவர்தான். ரஸலும் ஹாவ்லிசெக்கும் தங்கள் ஆரவாரத்தை விட்டு அவரிடம் சென்று தேற்றினார்கள்.

ரஸலுக்கு அது பதிமூன்று வருஷத்தில் பதினோராவது பட்டம். அதுவே கடைசி ஆட்டமும் ஆயிற்று. அன்று அவர் போட்ட பாயிண்டு ஆறே ஆறு. சேம்பர்லின் போட்டவை 18. முதற் பொருத்தத்தைக் கணக்காக மட்டும் பார்த்தால் ஜோஸியர்கள் சொன்னது பலித்தே இருக்கிறது!

ஆனால் அந்த இரவு ஒரு நட்பையும் பலி வாங்கியது. சேம்பர்லின் ஆட்டத்தை விட்டு வெளியேறியிருக்கக் கூடாதென்று ரஸல் பின்னர் பகிரங்கமாகக் குறை சொன்னார். சேம்பர்லின் மனம் புண்பட்டார். ஒரே மேஜையில் பண்டிகை விருந்துண்ட இருவரும் சுமார் இருபது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ரஸல் தாம் சொன்னது தவறென்று மன்னிப்புக் கேட்டார்; சமாதானம் ஏற்பட்டது. சேம்பர்லின் 1999-லும், ரஸல் 2022-லும், வெஸ்ட் 2024-லும் காலமானார்கள். வெஸ்டும் சேம்பர்லினும் சேர்ந்து 1972-ல் லேக்கர்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். பேலருக்கோ அந்தப் பருவத்தின் ஆரம்பத்திலேயே முழங்கால் காரணமாக ஓய்வு பெற நேர்ந்தது. ஒரு பட்டமும் பெறாமலே அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

வழக்கமாக ஜூன் மாதத்தில் இந்த இறுதித் தொடர் இப்போதும் நடக்கிறது. இப்போதும் பத்திரிகைகள் ஜோடி சேர்த்துப் பார்க்கின்றன. பார்க்கட்டும், அதில் ஒரு ரஸம் உண்டு. ஆனால் 1969-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் வேறு சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்பார்கள். எதிரியின் தலைசிறந்த வீரரைத் தடுக்க இரண்டாமவர் ஓடும்போது, காலியான இடத்தை நிரப்பப்போவது யார்? இரண்டு ஆட்டம் தோற்றதும் தம் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளும் மனம் எந்தப் பயிற்சியாளருக்கு உண்டு? அவருக்கும் அவருடைய பெரிய ஆட்டக்காரருக்கும் பேச்சு வார்த்தை இருக்கிறதா? பட்டியலில் எட்டாவதாக எழுதப்பட்டவர் பந்து கைக்கு வந்தால் தயங்காமல் எறிவாரா? ஒருவரையொருவர் எதிர்க்கும் பொருத்தத்தைக் காட்டிலும், ஒரே கோஷ்டியில் ஐந்து பேர் தமக்குள் பொருந்தும் பொருத்தமே பெரிது.

2009 முதல் அந்தச் சிறந்த ஆட்டக்காரர் பரிசுக்குப் பில் ரஸலின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அவர் ஆடிய காலத்தில் அதை ஒருமுறையேனும் பெற்றவரல்லர். பரிசு வெஸ்டுக்கு, பரிசின் பெயர் ரஸலுக்கு. இருவருக்கும் நியாயம் செய்வதற்கு இதைவிட நல்ல வழி நமக்கும் தோன்றவில்லை.